ராஜா படம் போட்ட ரூபாய் நோட்டு: சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

பழைய நோட்டு ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இது என்ன விலை போகும்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். இந்த நோட்டை வெளியிட்டது யார், எந்த ஊர் அலுவலகம் இதற்குப் பணம் தருவதாகச் சொன்னது, கையெழுத்து யாருடையது, தாள் என்ன நிலையில் இருக்கிறது என்ற நான்கையும் முதலில் பாருங்கள். நோட்டைப் பார்த்தே இவற்றுக்குப் பதில் சொல்லப் பழகிவிட்டால் விலை ஓரளவு தானாகவே பிடிபடும். பழகாமல் வாங்கினால் விற்பவர் சொல்வதுதான் விலை.

இங்கே நான் எழுதுவது 1861 முதல் 1947 வரை பிரிட்டிஷ் இந்தியாவில் புழங்கிய நோட்டுகளைப் பற்றி. தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ, பழைய கணக்குப் புத்தகத்தின் நடுவிலோ நமக்கு அகப்பட வாய்ப்புள்ளவை பெரும்பாலும் இவைதான். இவற்றைச் சரியாகப் படிக்கக் கற்றுக்கொண்டால் இலங்கை, பர்மா, புதுச்சேரி நோட்டுகளுக்குப் போவது எளிது.

முதல் படி: காலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

1861க்கு முன்னால் நோட்டு வெளியிட்டவை வங்கிகள். பெங்கால் வங்கி, பம்பாய் வங்கி, 1843இல் தொடங்கிய மதராஸ் வங்கி ஆகிய மூன்று மாகாண வங்கிகளும் தத்தம் பெயரில் நோட்டு அடித்தன. அவற்றை அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொள்ளலாம்; புதிதாகத் தொடங்குபவர் வாங்க நினைக்க வேண்டாம். 1861இல் வந்த காகிதப் பணச் சட்டம் நோட்டு அடிக்கும் உரிமையை அரசாங்கத்தின் கையில் கொடுத்தது. இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் நிதி உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் வில்சன். 1860இல் கல்கத்தாவிலேயே அவர் இறந்துபோனார். சட்டம் அவருக்குப் பிறகுதான் நிறைவேறியது.

அரசாங்கத்தின் முதல் நோட்டுகளில் விக்டோரியா மகாராணியின் படம் இருந்தது. 10, 20, 50, 100, 1000 ரூபாய்கள். ஒரு பக்கம் மட்டும் அச்சு, பின்பக்கம் வெறுமை. கள்ள நோட்டு பெருகியதால் அவற்றைத் திரும்பப் பெற்று, 1867இல் படமில்லாத புது வகையைக் கொண்டுவந்தார்கள். எழுத்துக்கு அடியில் பச்சை நிறத்தில் பின்னல் வேலைப்பாடு ஓடும் இவற்றைச் சேகரிப்பவர்கள் பச்சை நோட்டு என்பார்கள். பின்னால் சிவப்பு நிறப் பின்னலோடும் வந்தது.

அப்புறம் முதல் உலகப்போர்க் காலத்தில் சிறு மதிப்பு நோட்டுகள் வந்தன. 1923 மே மாதம் பத்து ரூபாயில் தொடங்கி ஐந்தாம் ஜார்ஜின் உருவப்படம் போட்ட வரிசை வந்தது. 1928இல் நாசிக்கில் நோட்டு அச்சகம் தொடங்கியது. அதற்கு முன் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தன. 1935 ஏப்ரல் 1 அன்று ரிசர்வ் வங்கி பிறந்தது. 1938 ஜனவரியில் ஆறாம் ஜார்ஜ் படம் போட்ட ஐந்து ரூபாய் அதன் முதல் நோட்டாக வெளியானது. பிப்ரவரியில் பத்து, மார்ச்சில் நூறு, ஜூனில் ஆயிரமும் பத்தாயிரமும் தொடர்ந்தன.

விடுதலைக்குப் பிறகும் புது நோட்டுகள் தயாராகும்வரை 1950 வரைக்கும் ராஜா படம் போட்ட நோட்டுகளே வெளிவந்துகொண்டிருந்தன. "தாத்தா 1948இல் வாங்கிய சம்பளத்தில் ராஜா படம் எப்படி வரும்?" என்று சிலர் சந்தேகப்படுவது இது தெரியாததால்தான். வரும், தாராளமாக வரும்.

இரண்டாம் படி: ஆறாம் ஜார்ஜிலிருந்து தொடங்குங்கள்

பழசிலிருந்து புதுசுக்கு வர வேண்டும் என்று தோன்றும். தலைகீழாகச் செய்யுங்கள். ஆறாம் ஜார்ஜ் நோட்டுகள் ஏராளமாகப் புழங்கியவை, இன்றும் எளிதாகக் கிடைப்பவை. புழங்கிய நிலையில் உள்ள ஒரு ரூபாய் நோட்டு சில நூறு ரூபாயிலேயே கிடைத்துவிடும். தவறாக வாங்கினாலும் இழப்பு சிறியது. அதைவிட முக்கியமான காரணம், அசல் தாளைத் தொட்டுப் பழகுவது. மேலெழும்பிய மையின் சொரசொரப்பு, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி, அந்தக் காலத் தாளின் நிறம், இதெல்லாம் விரலுக்கும் கண்ணுக்கும் வர வேண்டியவை. படத்தைப் பார்த்து வராது.

என் யோசனை இது: 1940 என்று தேதியிட்ட ஒரு ரூபாய், 1943இல் வந்த இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய். இந்த நான்கையும் நடுத்தரமான நல்ல நிலையில் வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் உள்ள வேறுபாடுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். அது போதும், ஒரு வருடத்துக்கு வேலை இருக்கும்.

விற்பவர்கள் 'பி-25', 'பி-17' என்று எண் சொல்வார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்பர்ட் பிக் என்ற சேகரிப்பாளர் தொடங்கிவைத்த உலகப் பட்டியல் எண் அது. அந்த 1940 ஒரு ரூபாய்தான் பி-25. ரிசர்வ் வங்கியின் முதல் இரண்டு ரூபாய் பி-17. எண்ணுக்குப் பின்னால் வரும் சிறிய எழுத்து உள்வகையைக் குறிக்கும். விலை பேசும்போது அந்தச் சிறிய எழுத்தையும் கேட்டு வாங்குங்கள், ஒரே நோட்டின் இரண்டு உள்வகைகளுக்கு நடுவே விலை பல மடங்கு மாறலாம்.

மூன்றாம் படி: நோட்டைப் படியுங்கள்

எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரே ஒரு நோட்டை எடுத்துக்கொள்வோம். 1917 நவம்பர் 30 அன்று வெளியான ஒரு ரூபாய்.

முன்பக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜின் தலை பொறித்த வெள்ளி ரூபாயின் படம் இருக்கிறது. பின்பக்கத்தில் அதே நாணயத்தின் மறுபக்கம், 1917 என்ற ஆண்டோடு. கூடவே எட்டு மொழிகளில் மதிப்பு, அதில் தமிழும் உண்டு. காகிதத்தில் ஏன் நாணயத்தின் படம்? ஒரு ரூபாய் என்றால் அன்றைய மக்களுக்கு வெள்ளிக்காசு. போர் வந்ததும் வெள்ளி விலை ஏறியது, காசைப் பதுக்கினார்கள், நாணயம் அடிக்க அரசாங்கத்திடம் வெள்ளி இல்லை. நெருக்கடி எவ்வளவு பெரியது என்றால், 1918இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்றைப் போட்டு 35 கோடி வெள்ளி டாலர் வரை உருக்க அனுமதித்தது. அந்த வெள்ளியில் பெரும்பகுதி இந்தியாவுக்கு வருவதற்காகத்தான். வெள்ளிக்குப் பதில் காகிதம் நீட்டும் அரசாங்கம், "இதுவும் அதே காசுதான், நம்பு" என்று எழுத்துப் படிக்காதவருக்கும் புரியும்படி சொல்ல வேண்டியிருந்தது. அதைத்தான் அந்தப் படம் சொல்கிறது.

அடுத்து, நோட்டில் உள்ள ஒற்றை ஆங்கில எழுத்தைப் பாருங்கள். 'எம்' என்றால் மதராஸ், 'பி' பம்பாய், 'சி' கல்கத்தா, 'கே' கராச்சி, 'எல்' லாகூர், 'ஆர்' ரங்கூன், 'ஏ' கான்பூர். நோட்டு எந்த வட்டத்தின், அதாவது எந்த வெளியீட்டுப் பகுதியின், வழியாக வெளியானது என்பதற்கான அடையாளம் இது. நம் ஊரில் 'எம்' எழுத்து நோட்டைத் தேடி வாங்குபவர்கள் உண்டு, அது நியாயமான ஆசைதான்.

இடது ஓரத்தையும் தடவிப் பாருங்கள். இந்த நோட்டுகள் 25 கொண்ட சிறு புத்தகங்களாகவும் வந்தன. கிழித்தெடுக்க வசதியாக ஓரத்தில் துளைவரிசை இருக்கும். பல்பல்லாக இருக்கும் அந்த ஓரத்தைச் சேதம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அதை நேராக வெட்டிவிட்ட நோட்டுதான் குறைபட்டது.

கடைசியாகக் கையெழுத்து. கப்பே, மக்வாட்டர்ஸ், டென்னிங் என்று மூன்று அதிகாரிகளின் கையெழுத்துகளில் இந்த ஒரு ரூபாய் கிடைக்கிறது. ஆண்டு ஒன்றுதான், 1917. கையெழுத்து மாறினால் வெளியான காலமும் விலையும் மாறும். 1926 ஜனவரி 1 முதல் இந்த நோட்டை நிறுத்திவிட்டார்கள், அடிக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை.

இதோடு 1940 ஒரு ரூபாயைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மறுபடியும் போர், மறுபடியும் வெள்ளித் தட்டுப்பாடு, மறுபடியும் நாணயத்தின் படம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 1917 நோட்டில், கேட்கும்போது ஒரு ரூபாய் தருவதாக அரசாங்கம் வாக்குக் கொடுத்திருக்கும். 1940 நோட்டில் அந்த வாக்கு கிடையாது. சட்டப்படி அந்தக் காகிதமே ரூபாய் நாணயத்துக்குச் சமம் என்று ஆக்கிவிட்டார்கள், வேறு எதையும் தருவதாகச் சொல்ல வேண்டிய தேவை போய்விட்டது. அதனால்தான் இன்றுவரை ஒரு ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கி வெளியிடுவதில்லை. அது இந்திய அரசின் நோட்டு, நிதிச் செயலாளர் கையெழுத்திடுவது. இரண்டு நோட்டுகளுக்கு நடுவே உள்ள இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும்போது ஏற்படும் மகிழ்ச்சிக்காகத்தான் நான் நோட்டு சேர்க்கிறேன் என்றே சொல்லலாம்.

வட்டம் என்றால் என்ன?

பச்சை நோட்டுகளுக்குப் போகும்போது இதைத் தெரியாமல் போகக்கூடாது. அரசாங்க நோட்டு என்றாலும் அது தொடக்கத்தில் நாடு முழுக்கச் செல்லவில்லை. கல்கத்தா, பம்பாய், மதராஸ், ரங்கூன், கான்பூர், லாகூர், கராச்சி என்று வட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். மதராஸ் வட்டத்து நோட்டுக்கு மதராஸ் வட்டத்துக்குள்தான் சட்டப்படி பணம். ரங்கூனில் வியாபாரம் செய்தவர் மதராஸ் நோட்டை அங்கே மாற்ற வேண்டுமென்றால் வட்டம், அதாவது ஒரு கழிவுத் தொகை, கொடுக்க வேண்டியிருக்கும். கடைக்காரர் பிடித்துக்கொள்ளும் தள்ளுபடிக்கும் நம்மிடையே அதே பெயர்தான்.

1903இல் ஐந்து ரூபாய், பர்மா தவிர மற்ற இடங்களில் பொதுவாயிற்று. 1910இல் பத்தும் ஐம்பதும், 1911இல் நூறும். அதற்கு முந்தைய நோட்டுகளில் ஊர்ப் பெயரும் தேதியும் அச்சிட்டிருக்கும். விலையில் அந்த ஊர்ப் பெயருக்குப் பெரும் பங்கு உண்டு. பம்பாயும் கல்கத்தாவும் கிடைக்கும். கோழிக்கோடு, அகோலா போன்ற துணை வட்டங்களின் பெயர் போட்டது கிடைத்தால் அது வேறு கதை. பச்சை நோட்டில் நான்கு மொழிகள்தான் இருக்கும், எந்த நான்கு என்பது வட்டத்தைப் பொறுத்தது. சிவப்புப் பின்னல் வந்தபோது எட்டு மொழிகளாயின.

பத்தொன்பதாம் நூற்றாண்டு நோட்டு வாங்கும்போது நடுவில் செங்குத்தாக ஒரு வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய தொகையைத் தபாலில் அனுப்பும்போது நோட்டை இரண்டாக வெட்டி, முதல் பாதியை அனுப்பி, அது சேர்ந்த செய்தி வந்த பிறகு மறுபாதியை அனுப்புவது அன்றைய வழக்கம். வழியில் களவு போனாலும் பாதி நோட்டை வைத்துக்கொண்டு திருடன் ஒன்றும் செய்ய முடியாது. வரிசை எண் இரண்டு பாதியிலும் இருக்கும். பெற்றவர் பின்பக்கம் காகிதத் துண்டு வைத்து ஒட்டி மாற்றிக்கொள்வார். இப்படி ஒட்டிய நோட்டு கிழிந்துபோன நோட்டு ஆகாது. முழு நோட்டைவிட விலை குறைவு, ஆனால் அந்த வெட்டு அது பிழைத்துவந்த வழியைக் காட்டுகிறது. இரண்டு பாதியிலும் எண் ஒன்றுதானா என்பதை மட்டும் கட்டாயம் சரிபாருங்கள். வேறு வேறு நோட்டுகளின் பாதிகளைச் சேர்த்திருந்தால் வாங்காதீர்கள்.

நான்காம் படி: கையெழுத்தும் நீர்க்குறியும்

ரிசர்வ் வங்கியின் முதல் ஆளுநர் ஆஸ்போர்ன் ஸ்மித். அவர் கையெழுத்திட்ட நோட்டு ஒன்றுகூடக் கிடையாது. வங்கியின் நோட்டு வருவதற்குள் பதவியை விட்டுப் போய்விட்டார். யாராவது அப்படி ஒன்றைக் காட்டினால் சந்தேகமே வேண்டாம், அது போலி. இரண்டாவது ஆளுநர் ஜேம்ஸ் டெய்லர். இவர் கையெழுத்து இரண்டு ராஜாக்களின் நோட்டிலும் இருக்கிறது: முன்பு நாணயக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தபோது ஐந்தாம் ஜார்ஜ் நோட்டிலும், ஆளுநரான பிறகு ஆறாம் ஜார்ஜ் நோட்டிலும். 1943இல் அவருக்குப் பின் வந்தவர் சி. டி. தேஷ்முக், வங்கியின் முதல் இந்திய ஆளுநர். ராஜா படமும் ஓர் இந்தியரின் கையெழுத்தும் ஒரே தாளில் இருக்கும் தேஷ்முக் நோட்டுகள் மலிவானவைதான், ஆனாலும் சேர்க்கத் தகுந்தவை.

ஐந்து, பத்து ரூபாயில் ராஜா முகம் இரண்டு விதமாக வரும். பக்கவாட்டில் பார்க்கும் முகம் முதலில் வந்தது. நேராகப் பார்க்கும் முகம் பிறகு. போரின்போது ஜப்பானியர்கள் இந்திய நோட்டுகளைத் தரமாகப் போலி செய்தார்கள், குறிப்பாக டெய்லர் கையெழுத்திட்ட பத்து ரூபாயை. அதனால் நீர்க்குறியில் இருந்த பக்கவாட்டு முகத்தை நேர் முகமாக மாற்றினார்கள். தாளுக்குள் பாதுகாப்பு இழை வைப்பதும் இந்தியாவில் முதன்முதலாக அப்போதுதான் வந்தது. நேர்முக நோட்டுகள் தேஷ்முக் கையெழுத்தோடுதான் வரும்.

வரிசை எண்ணின் நிறத்தையும் கவனியுங்கள். இரண்டு ரூபாயில் கறுப்பு எண்ணும் சிவப்பு எண்ணும் உண்டு, 1940 ஒரு ரூபாயில் கறுப்பும் பச்சையும். இவையெல்லாம் தனித்தனி உள்வகைகள்.

ஐந்தாம் படி: நிலையை மதிப்பிடுங்கள்

ஒரே நோட்டு, ஒரே கையெழுத்து, ஆனால் ஒன்று முன்னூறு, மற்றொன்று மூவாயிரம் என்றால் காரணம் நிலை. வங்கிக் கட்டிலிருந்து பிரித்த மடிப்பே இல்லாத சலவை நோட்டை யுஎன்சி என்பார்கள். லேசாக ஒரு மடிப்புத் தடம் இருந்தால் ஏயூ. இரண்டு மூன்று மெல்லிய மடிப்பு என்றால் எக்ஸ்எஃப். புழங்கினாலும் தாளில் விறைப்பு மிச்சமிருந்தால் விஎஃப். தொளதொளத்துப் போய், ஆனால் கிழியாமல் இருந்தால் எஃப். அதற்குக் கீழே போனால், அரிய நோட்டாக இருந்தாலொழிய வாங்காதீர்கள்.

பிஎம்ஜி போன்ற தரச்சான்று நிறுவனங்கள் 70க்கு எண் கொடுத்து, நோட்டை உறையில் அடைத்துத் தருகின்றன. 60ம் அதற்கு மேலும் சலவை, 50 முதல் 58 வரை ஏயூ, 40களில் எக்ஸ்எஃப், 20 முதல் 35 வரை விஎஃப். விலை உயர்ந்த நோட்டுக்குச் சான்று அவசியம். சில நூறு ரூபாய் நோட்டுக்குச் சான்றுச் செலவே நோட்டைவிட அதிகமாகிவிடும்.

இந்திய நோட்டுகளுக்கே உரிய ஒரு விஷயம்: இடது பக்க ஓட்டைகள். வங்கிகளில் கட்டாகச் சேர்த்து ஊசியோ பின்னோ குத்திவிடுவார்கள். அதனால் ஒருமுறைகூடப் புழங்காத சலவை நோட்டிலும் இரண்டு ஓட்டைகள் இருக்கும். சான்று நிறுவனங்களும் இதை வெளியீட்டின்போதே விழுந்த ஓட்டை என்று குறித்துவிடுகின்றன. பயப்பட வேண்டாம். ஆனால் அந்த ஓட்டை பெரிதாகிக் கிழிந்திருக்கிறதா, துருக்கறை பரவியிருக்கிறதா, அல்லது ஓட்டையைப் பசை வைத்து அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அடைத்த ஓட்டை மறைக்கப்பட்ட குறை. திறந்த ஓட்டையைவிட மோசம்.

சலவை செய்த நோட்டைச் சலவை நோட்டு என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அழுக்குப் போகக் கழுவி, கஞ்சி போட்டு, அழுத்திவைத்தால் தூரத்திலிருந்து புதிது மாதிரியே தெரியும். மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பாருங்கள். உண்மையான புது நோட்டில் மை மேடாக இருப்பது நிழலோடு தெரியும். அழுத்திய நோட்டில் அந்த மேடு தட்டையாகிவிடும், பழைய மடிப்பு மட்டும் கோடாக மிஞ்சும்.

ஆறாம் படி: போலியைப் பிடியுங்கள்

மூன்று சாமான்கள் போதும்: நகைக்கடைக்காரர் வைத்திருப்பது மாதிரி பத்து மடங்கு லென்ஸ், நல்ல விளக்கு, புற ஊதா டார்ச்.

லென்ஸில் கோடுகள் கோடாகத் தெரிய வேண்டும். பல நிறப் புள்ளிகளாகச் சிதறினால் அது பிரிண்டரில் எடுத்த நகல். விளக்குக்கு முன்னால் பிடித்தால் நீர்க்குறி தாளுக்குள்ளே, வெளிச்சமும் நிழலுமாகப் படிப்படியாகத் தெரிய வேண்டும். மேலே வெள்ளை மையால் வரைந்த மாதிரி தெரிந்தால் போலி. புற ஊதா ஒளியில் அந்தக் காலத் தாள் மங்கலாகவே இருக்கும். நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் அது இக்காலத் தாளாக இருக்கலாம், இல்லையென்றால் யாரோ சோப்புப் போட்டுக் கழுவியிருக்கலாம். இரண்டுமே நமக்கு வேண்டாம்.

ஏழாம் படி: இப்போது விலை

வயது விலையைத் தீர்மானிப்பதில்லை, எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கிறது. 1918இல் வந்த இரண்டரை ரூபாய் நோட்டு, அதாவது இரண்டு ரூபாய் எட்டணா, ஒரே கையெழுத்தில் சில காலமே ஓடி நின்றுபோனது. இன்று நல்ல நிலையில் லட்சங்களில் பேசுகிறார்கள். அதைவிட மூத்த எத்தனையோ நாணயங்களைச் சில நூறு ரூபாய்க்கே வாங்கிவிடலாம்.

மிஞ்சாமல் போனதற்கு நல்ல உதாரணம் பெரிய நோட்டுகள். 1946 ஜனவரி 12 அன்று 500, 1000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அவசரச் சட்டம் வந்தது. கையில் இருந்தவர்கள் வங்கியில் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள், நோட்டுகள் அழிந்தன. அதனால் ஆறாம் ஜார்ஜ் ஆயிரம் ரூபாய் கிடைப்பது அருமை, பத்தாயிரம் அதைவிட அருமை.

சில நோட்டுகளுக்கு அவை கடந்துவந்த வழியே மதிப்பு சேர்க்கும். 1918 ஜூலை 2 அன்று லண்டனிலிருந்து பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த எஸ்.எஸ். ஷிராலா கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. கப்பலில் இருந்த நோட்டுக் கட்டுகள் கரை ஒதுங்கின. அப்படிப் பிழைத்த பத்து ரூபாய் நோட்டுகள் இரண்டு 2024 மே மாதம் லண்டன் ஏலத்துக்கு வந்தன.

விலை தெரிந்துகொள்ள விற்பனைக்கு வைத்திருக்கும் தொகையைப் பார்க்காதீர்கள், ஏலத்தில் முடிந்த தொகையைப் பாருங்கள். ஏல நிறுவனங்கள் முடிந்த விலைகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. அதே உள்வகை, அதே தரத்தில் மூன்று நான்கு முடிவுகளை ஒப்பிட்டால் நியாயமான விலை தெரியும். ஏல நிறுவனத்தின் கமிஷனையும் வரியையும் சேர்த்துக் கணக்கிட மறக்காதீர்கள். 786 போன்ற எண்ணுக்கும் எல்லா இலக்கமும் ஒன்றாக உள்ள எண்ணுக்கும் தனிச் சந்தை இருக்கிறது. அது ஆசைக்கு வாங்குவது. புதியவர்கள் அதில் பணத்தைப் போடாமல் இருப்பது நல்லது.

வாங்கும்போதும் விற்கும்போதும்

நாணயக் கண்காட்சிகளுக்கு நேரில் போங்கள். பல விற்பனையாளர்களின் நோட்டைக் கையில் வாங்கிப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். ரசீது எழுதிக் கொடுக்க மறுப்பவரிடம் விலை உயர்ந்த எதையும் வாங்காதீர்கள். நேரம் கிடைத்தால் மும்பை ஃபோர்ட் பகுதியில் உள்ள ரிசர்வ் வங்கியின் பண அருங்காட்சியகத்தையும், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவையும் பார்த்துவிடுங்கள்.

"உங்கள் பழைய ஐந்து ரூபாயை ஐந்து லட்சத்துக்கு வாங்குகிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று வரும் செய்திகளை நம்பிப் பணம் இழந்தவர்கள் பலர், பெரும்பாலும் வயதானவர்கள். தன் பெயரையும் முத்திரையையும் பயன்படுத்திக் கட்டணமும் கமிஷனும் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பழைய நோட்டு வாங்கும் வேலையை அந்த வங்கி செய்வதில்லை, யாரிடமும் ஒப்படைக்கவும் இல்லை. இதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிவையுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு விற்கவோ அனுப்பவோ நினைத்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தை நினைவில் வையுங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள்களை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களுக்கு 75 வருடமே எல்லை. அனுப்புவதற்கு முன் தொல்லியல் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

பத்திரப்படுத்துவது

நம் ஊர் ஈரப்பதம் தாளுக்கு எதிரி. கடைகளில் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி ஆல்பம் சில வருடங்களில் பிசுபிசுத்து மையை இழுத்துவிடும். பாலியஸ்டர் உறை வாங்குங்கள். லேமினேஷன் கூடவே கூடாது. செல்லோடேப், பசை, இஸ்திரிப் பெட்டி எதுவும் அருகில் வரக்கூடாது. உறையில் போட்ட நோட்டை இரும்புப் பெட்டியைவிட மர அலமாரியின் நடுத்தட்டில், வெளிச்சம் படாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் எடுத்துப் பார்த்து, ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறதா என்று கவனியுங்கள். அந்துருண்டையை நோட்டு உறைக்குள் போடாதீர்கள்.

அக்கம்பக்கத்து நோட்டுகள்

இந்திய நோட்டு கைவந்த பிறகு, அதே அச்சிலிருந்து கிளைத்த மற்றவற்றுக்குப் போகலாம். 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்ததும், ஐந்தாம் ஜார்ஜ் நோட்டுகளின் மேல் பர்மாவில் மட்டும் செல்லும் என்று அச்சிட்டு அங்கே விட்டார்கள். 1945இல் ராணுவ நிர்வாகத்தின் பெயரை ஆறாம் ஜார்ஜ் நோட்டுகளின் மேல் அச்சிட்டார்கள். செட்டியார்கள் பர்மாவில் தொழில் நடத்திய காலம் என்பதால் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இவை கிடைக்க இடமுண்டு. 1948இல் பாகிஸ்தானுக்காக நாசிக்கில் அதே முறையில் அச்சிட்டார்கள். மேலச்சு நோட்டு எதுவாக இருந்தாலும், சாதாரண நோட்டின் மேல் பிற்பாடு யாரும் எழுத்தைச் சேர்த்துவிட முடியும் என்பதால் சான்று பெற்றதை மட்டும் வாங்குங்கள்.

புதுச்சேரியில் இந்தோசீனா வங்கி ரூபாய்க் கணக்கிலேயே பிரெஞ்சு மொழியில் நோட்டு வெளியிட்டது, ஐம்பது ரூபாயில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் படத்தோடு. இவை குறைவாகவே கிடைக்கும், விலையும் அதிகம். இலங்கை நோட்டுகளில் சிங்களமும் தமிழும் இருக்கும். 1942இல் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது அங்கே வெளியிட்ட ஐந்து சதம் நோட்டு சிறியது. நடுவில் துளைவரிசை போட்டு ஒரு பக்கம் இரண்டு சதமாகவும் மறுபக்கம் மூன்று சதமாகவும் கிழித்துக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். கிழிக்காத முழு நோட்டாகத் தேடி வாங்குங்கள்.

ஜப்பானியர் ஆக்கிரமிப்பில் பர்மாவிலும் மலாயாவிலும் அடித்துவிட்ட நோட்டுகளை அரியவை என்று சொல்லி விற்பார்கள். வாழை மரம் போட்ட மலாயா பத்து டாலர் அதில் பிரபலம். எக்கச்சக்கமாக அச்சிட்டவை அவை, இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. வரலாற்றுக்காக ஒன்றிரண்டு வாங்கலாம், அதிக விலை கொடுக்க வேண்டாம்.